பாட்டுக்குமா பந்தயம்?



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை, படித்து முடித்த பின்னும் எடுத்து வைக்க மனமில்லாமல் மேசையின் மீதே வைத்திருந்தோம். கடற்கரையூரொன்றில் வாழும் ஒரு சகோதரி எழுதியது. அவருடைய மூத்த மகன் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்துக் கணக்காயர் அலுவலகமொன்றில் வேலை பார்க்கிறார். ஐவேளைத் தொழுகையில் கவனமுள்ள பிள்ளை. மாதந்தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பிள்ளை. 2024 டிசம்பரில் அவ்வலுவலகத்தில் இருபத்து நான்கு பேர் தலைக்கு 2 பவுண்டு போட்டார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்தப் பாடல் விற்பனையில் முதலிடம் பெறும் என்பதுதான் பந்தயம். பாடல்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒரு குளிர்காலத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுத்தார்கள். சேர்ந்த 48 பவுண்டில் பாதி ஏழைகளுக்கு உணவளிக்கும் உணவு வங்கிக்கு. மறுபாதி முதலிடம் பெறும் பாடலின் சீட்டு யார் கையிலோ அவருக்கு. சகோதரியின் மகன் கையில் வந்த சீட்டே வென்றது. வந்த 24 பவுண்டை மாதப் பணத்தோடு சேர்த்து அனுப்பி, "தங்கச்சிக்குப் பெருநாளைக்குத் துணி எடுங்க உம்மா" என்று சொல்லியிருக்கிறார். 2025 நோன்புப் பெருநாளுக்குத் துணியும் எடுத்தாயிற்று. சிறுமி உடுத்தியும் ஆயிற்று.

அது எந்தப் பணம் என்பதைப் பல மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் பேச்சுவாக்கில்தான் மகன் சொன்னாராம். தாய் பதறினார். மகனோ, "ரெண்டு பவுண்டுதானே உம்மா! அதிலும் பாதி பசித்தவனுக்குப் போகுதே. சேராமல் ஒதுங்கி நின்றால் என்னைக் கஞ்சன் என்றல்லவா நினைப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த டிசம்பரும் நெருங்குகிறது. கூட வேலை செய்யும் ஒருவர், "உனக்குத்தான் கைராசி இருக்கிறதே, இந்த முறை பந்தயக் கடையிலேயே போட்டுப் பார்ப்போம்" என்று அழைக்கிறாராம். "மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது? அந்தத் துணியை என்ன செய்வது?" என்று சகோதரி கேட்கிறார்.

பாட்டையும் இசையையும் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பது வேறு வினா. அதை இங்கே இழுத்தால் கேட்கப்பட்ட வினா மறைந்துபோகும். கிறிஸ்துமஸ் அவர்களுடைய திருநாள். அவர்கள் கொண்டாடும் முறையைக் குறைகூறுவதும் நம் நோக்கமன்று. பந்தயத்தை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பாடல் வரிசை எப்படி வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்னும் வார ஏடு 1952 நவம்பர் 14 அன்று முதன்முதலாக இசைத்தட்டு விற்பனை வரிசையை வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு அதிகம் விற்றது என்று கேட்டுத் தொகுத்ததே அந்தப் பட்டியல். அல் மார்ட்டினோ என்ற அமெரிக்கப் பாடகரின் தட்டு அதில் முதலிடம் பெற்றது. விளம்பரதாரர்களைக் கவருவதற்காக ஓர் ஏடு செய்த வேலை, நாளடைவில் ஒரு தேசத்தின் வழக்கமாகிவிட்டது. குறிப்பாகக் கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்தப் பாடல் முதலிடம் என்பது அங்கே பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அலசும் செய்தி. 2014 முதல், விலைக்கு வாங்கிய பாடல்களோடு இணையத்தின் வழியே கேட்கப்படும் பாடல்களும் இக்கணக்கில் சேர்கின்றன.

பந்தயக் கடைகளோ 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1961 மே 1 முதல் அந்நாட்டுத் தெருக்களில் முறைப்படி திறக்கப்பட்டவை. குதிரைக்கும் பந்தாட்டத்துக்கும் என்று தொடங்கியவர்கள், கிறிஸ்துமஸ் அன்று பனி பொழியுமா, அரச குடும்பத்துக் குழந்தைக்கு என்ன பெயர், எந்தப் பாடல் முதலிடம் என்பவற்றுக்கெல்லாம் விலை வைக்கலானார்கள்.

அந்த விலையின் சூட்சுமத்தைச் சிறு கணக்கால் விளக்கலாம். மூன்று பாடல்கள் போட்டியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பாடலுக்கு ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவதற்கு ஒன்றுக்கு இரண்டு. மூன்றாவதற்கு ஒன்றுக்கு மூன்று என்று கடைக்காரர் விலை சொல்கிறார். முதல் பாடலின் மீது 60 பவுண்டும், இரண்டாவதன் மீது 40 பவுண்டும், மூன்றாவதன் மீது 30 பவுண்டும் வந்து சேர்கின்றன. கல்லாவில் இருப்பது 130 பவுண்டு. முதல் பாடல் வென்றால், கட்டிய 60ஐயும் சேர்த்து அவர் கொடுக்க வேண்டியது 120. இரண்டாவது வென்றாலும் 120. மூன்றாவது வென்றாலும் 120தான். எந்தப் பாடல் வென்றால் என்ன? 10 பவுண்டு அவருடையது. விலையை ஏற்றி இறக்கி இந்த நிலைக்குக் கொண்டுவருவதே அவர் தொழில். நிச்சயமின்மை முழுவதும் கல்லாவுக்கு இப்புறம் நிற்பவனுக்கு மட்டுமே.

பாட்டுப் பந்தயத்தில் இன்னொரு கேடும் உண்டு. குதிரை ஓடுகிறது, மழை பெய்கிறது, அவற்றில் பந்தயம் கட்டியவனின் கை நுழைவது அரிது. ஆனால் பாடலின் இடத்தைத் தீர்மானிப்பது மனிதர் வாங்கும் எண்ணிக்கை. வாங்க வைத்தால் இடம் மாறும்! 1995 ஆகஸ்டில் பிளர், ஒயாசிஸ் என்னும் இரு இசைக்குழுக்கள் ஒரே நாளில் தட்டு வெளியிட்டபோது இங்கிலாந்தே இரண்டாகப் பிரிந்து பார்த்தது. பந்தயக் கடைகளிலும் பணம் புரண்டது. பிளர் 2,74,000 தட்டுகள் விற்று வென்றது. ஒயாசிஸ் விற்றவை 2,16,000. வென்றவர்கள் தம் பாடலை இரு வேறு தட்டுகளாக, உடன் வரும் பாடல்களை மாற்றி வெளியிட்டிருந்தார்கள்; பற்றுள்ள இரசிகன் இரண்டையும் வாங்கினால் கணக்கில் இரண்டு. 2009இல் நடந்தது இதனினும் வியப்பு. தொலைக்காட்சிப் பாட்டுப்போட்டியொன்றில் வென்றவர்களே 2005 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கிறிஸ்துமஸ் முதலிடத்தைப் பிடித்து வந்தனர். அது பிடிக்காத ஒரு தம்பதியர், 1992இல் வெளிவந்த முரட்டுப் பாடலொன்றை அனைவரும் அந்த வாரம் வாங்குவோம் என்று இணையத்தில் இயக்கம் தொடங்கினர். அப்பாடல் 5,02,000 விற்றது. போட்டியில் வென்றவருடையது 4,50,000. வாரத்தின் நடுவிலேயே இதுவரை எது எவ்வளவு விற்றது என்ற கணக்கு இசை வணிகத்தாருக்குக் கிடைத்துவிடுவதும் உண்டு. அறிந்தவனும் அறியாதவனும் ஒரே பந்தயத்தில் நின்றால், அறியாதவனின் பணம் எங்கே போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி மகன் எழுப்பிய வினாவுக்கு வருவோம். "பாதி பசித்தவனுக்குப் போகிறதே" என்பது எளிதில் தள்ளிவிடக்கூடிய சொல்லன்று. கிறிஸ்துமஸ் முதலிடத்துக்கும் பசித்தவர்க்கும் அந்நாட்டில் உண்மையாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. 1984இல் எத்தியோப்பியாவில் — நபித்தோழர்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் தந்த அதே அபிசீனிய மண்ணில் — பஞ்சம் பரவியபோது, புகழ்பெற்ற பாடகர்கள் ஒன்றுகூடி 'பேண்ட் எய்ட்' என்ற பெயரில் பாடிய நிவாரணப் பாடல் அவ்வாண்டு முதலிடம் பெற்றது. அதனிடம் தோற்று இரண்டாமிடத்தில் நின்றது 'வாம்' என்ற இருவர் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்'. அந்த இருவரும் தம் பாடலின் உரிமைத்தொகையையும் பஞ்ச நிவாரணத்துக்கே கொடுத்தார்கள். தோற்ற அப்பாடல் 2021 சனவரியில்தான் முதன்முறையாக முதலிடத்தைத் தொட்டது. 2023 கிறிஸ்துமஸிலும் 2024 கிறிஸ்துமஸிலும் முதலிடம் அதற்கே. சகோதரியின் மகன் தொப்பிக்குள்ளிருந்து எடுத்தது அதன் சீட்டைத்தான். இடையே 2018 முதல் 2022 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, 'லேட்பேபி' என்பவர் வெளியிட்ட வேடிக்கைப் பாடல்கள் முதலிடம் பெற்று, அவற்றின் வருமானம் உணவு வங்கிகளுக்குச் சென்றது. (பாடல்களின் பொருள் 'சாஸேஜ் ரோல்' என்னும் தின்பண்டம். அதில் வழக்கமாக வைப்பது பன்றி இறைச்சி என்பதால் நம் பிள்ளைகளுக்கு அதில் வேலையில்லை. ஆயினும் பசித்தவன் உண்டான் என்பது உண்மை.)

பாடலை விலைகொடுத்து வாங்கியவன் கொடுத்தது நிவாரணத்துக்குப் போயிற்று. அதில் சூது இல்லை. தொப்பிக்குள் கைவிட்டதுதான் வேறு.

அந்தத் தொப்பியைப் பற்றிப் படித்ததும் எமக்கு மத்ரஸாவில் தப்ஸீர்ப் பாடம் நடத்தும் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. திருமறையில் சூதாட்டத்தைக் குறிக்கும் சொல் 'மைசிர்'. அது என்ன என்று மாணவர்களைக் கேட்டால் சீட்டாட்டம், லாட்டரி என்பார்கள். அருள்மறை இறங்கிய காலத்து அரபிகளின் மைசிர் எது என்பதை ஸமக்ஷரீ தமது 'கஷ்ஷாஃப்' விரிவுரையில் எடுத்துரைக்கிறார். கடுங்குளிரும் வறட்சியும் வாட்டும் காலத்தில் செல்வர்கள் கூடுவார்கள். ஒட்டகமொன்றைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கு பிரிப்பார்கள். பத்து அம்புகளை ஒரு பைக்குள் போடுவார்கள். அவற்றில் ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று வெற்று அம்புகள். நம்பிக்கைக்குரிய ஒருவர் பைக்குள் கைவிட்டுக் குலுக்கி, ஒவ்வொருவர் பெயராலும் ஓர் அம்பை எடுப்பார். பங்குள்ள அம்பு வந்தவர் அந்தப் பங்கு இறைச்சியைப் பெறுவார். வெற்று அம்பு வந்தவர்கள் பங்கு ஏதும் பெறாமல் ஒட்டகத்தின் விலை முழுவதையும் கொடுக்க வேண்டும்.

வென்றவர் அந்த இறைச்சியை என்ன செய்வார் தெரியுமா? தாம் உண்ணமாட்டார். ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார், கொடுத்ததைச் சொல்லிப் பெருமையும் கொள்வார். இந்த ஆட்டத்தில் சேராமல் ஒதுங்கி நிற்பவனை அவர்கள் 'பரம்' என்று சொல்லிப் பழித்தார்கள்.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். குளிர்காலம், குலுக்கி எடுக்கும் பை, வெற்று அம்பு, ஏழைக்குப் பங்கு, ஒதுங்கியவனுக்குக் கஞ்சன் பட்டம். லெஸ்டர் அலுவலகத்துத் தொப்பிக்கும் அறியாமைக்காலத்து அம்புப் பைக்கும் இடையே ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இருக்கின்றன; வேறென்ன வேறுபாடு இருக்கிறது? அங்கே பாதி, இங்கே முழுவதும். அறியாமைக்காலத்து அரபி அந்த வகையில் ஒருபடி மேல் என்றே சொல்ல வேண்டும்.

பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் சூதாட்டத்திலும் மக்களுக்குப் பயன்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. பயனைவிடப் பாவமே பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. அந்தப் பயன்களுள் ஏழைக்குக் கிடைத்த இறைச்சியையும் விரிவுரையாளர்கள் எண்ணுகிறார்கள். பின்னர் மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அதை முற்றிலும் விலக்கி, மனிதரிடையே பகையை விதைப்பதும் இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பதும் ஷைத்தான் அதன் வழியே நாடுபவை என்று உணர்த்தின. ஏழைக்குப் பங்கு போகும் சூதாட்டத்தை அறியாமல் இறங்கிய தடையன்று அது, அறிந்தே இறங்கியது. தங்கள் மகன் சொன்ன வாதத்துக்கு, அவர் பிறப்பதற்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டது, சகோதரி.

"அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களே பந்தயம் கட்டினார்களே" என்று கேட்கும் இளைஞர்களையும் நாம் கண்டிருக்கிறோம். பாரசீகரிடம் தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று ரூம் அத்தியாயம் அறிவித்தபோது, மறுத்த மக்கத்துக் குறைஷிகளிடம் அவர்கள் பந்தயம் வைத்தது உண்மையே. அது தடை வருவதற்கு முன் நடந்தது என்பதைத் திர்மிதீயின் அறிவிப்பே சொல்லிவிடுகிறது. வென்ற பொருளைத் தர்மம் செய்துவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததாகவும் சில அறிவிப்புகள் உண்டு. வஹீயின் மீது வைத்த உறுதியை, எந்தப் பாடகர் வெல்வார் என்ற ஊகத்துக்குத் துணைக்கழைப்பது முறையன்று.

"ரெண்டு பவுண்டுதானே" என்பது அடுத்த வாதம். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான ஒரு நபிமொழியை இங்கே நினைவூட்டுகிறோம். தோழனைச் சூதாட அழைத்தவன், அழைத்ததற்காகவே தர்மம் செய்யட்டும் என்பது அதன் கருத்து. ஆடியவனைப் பற்றியன்று, பணத்தின் அளவைப் பற்றியுமன்று; வாயால் அழைத்தவனைப் பற்றியே பேசுகிறது அந்நபிமொழி. ஏன் இத்தனை கண்டிப்பு என்பதற்கு, இப்போது மகனை அழைக்கும் அந்த அலுவலகத் தோழரே சான்று. தொப்பியில் தொடங்கிய அழைப்பு ஓராண்டுக்குள் கடை வாசலுக்கு வந்துவிட்டதல்லவா?

பாட்டுப் பந்தயத்தால் அந்தக் கடைக்காரர் பெருஞ்செல்வம் சேர்ப்பதில்லை. பெரிய தொகை கட்ட வந்தால் ஏற்கத் தயங்குவார். அவருக்கு வேண்டியது செய்தித்தாளில் ஒரு வேடிக்கைச் செய்தியும், இதுவரை கடைக்குள் காலடி வைக்காத ஒருவன் சிரித்துக்கொண்டே உள்ளே வருவதும்தான். உள்ளே வேறு பொருள்கள் இருக்கின்றன. அந்நாட்டுப் பந்தயக் கடைகளில் வைக்கப்பட்ட சுழல் இயந்திரங்களில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்டலாம் என்ற நிலை 2019 ஏப்ரல் வரை இருந்தது. குடும்பங்கள் சீரழிவதைக் கண்ட பின்னரே அதை 2 பவுண்டாகக் குறைத்தார்கள். கடன் அட்டையைக் கொண்டு சூதாடுவதற்கு 2020 ஏப்ரலில்தான் தடை வந்தது. நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் லாட்டரிச் சீட்டு விற்றதை 2003இல் தமிழக அரசு நிறுத்தும் வரை கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் சீட்டு வாங்கியவன் எவனும் வீட்டை விற்கும் எண்ணத்தோடு வாங்கவில்லை.

இனி, செய்ய வேண்டியது.

அலுவலகத்தில் மீண்டும் தொப்பி வந்தால், தங்கள் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டாம். அவர்களுக்கு மார்க்கப் பிரசங்கம் செய்யவும் வேண்டாம். தம் 2 பவுண்டை, வேண்டுமானால் 5 பவுண்டை எடுத்து, "இது முழுவதும் உணவு வங்கிக்கு, எனக்குச் சீட்டு வேண்டாம்" என்று சொல்லட்டும். பாதி கொடுப்பவர்களிடையே முழுவதும் கொடுப்பவனை எவர் கஞ்சன் என்பார்? எந்தப் பாடல் வெல்லும் என்று பணமில்லாமல் வாய்ப்பேச்சாகப் பேசிக்கொள்வது சூதாகாது. அதில் எவ்வளவு பொழுதைக் கழிப்பது என்பது அவர் பொறுப்பு. கடைக்கு அழைக்கும் தோழரிடம் மட்டும் தெளிவாக, இனிமையாக, ஒரே முறையில் மறுத்துவிடட்டும்.

வந்த 24 பவுண்டில் அவர் போட்டது 1 பவுண்டு. மற்ற 23 பவுண்டு இருபத்து மூன்று பேருடையது. ஆகாத வழியில் வந்த பொருளை, உரியவர் தெரிந்திருக்கும்போது அவரிடமே சேர்ப்பிப்பதுதான் முறை. அவர்களோ பக்கத்து மேசைகளில் இருக்கிறார்கள்! தலைக்கு 1 பவுண்டு திருப்பிக் கொடுக்கட்டும். சிரிப்பார்கள், காரணம் கேட்பார்கள், சொல்லட்டும். வேண்டாம் என்று மறுப்பவர்களின் பங்கை, அந்நாட்டுப் பேரங்காடிகளில் உணவு வங்கிக்கென்று வைத்திருக்கும் கூடையில் பொருளாக வாங்கிப் போடட்டும். அதைத் தம் ஸதகாவாக எண்ணிக்கொள்ளலாகாது. பிறர் பொருளை இறக்கி வைத்ததாகவே எண்ண வேண்டும். வேலையை விட்டுப் போனவர் எவரேனும் இருந்தால் அவர் பங்கையும் அவ்வாறே செய்யலாம். ஐயமிருப்பின் அங்குள்ள ஆலிம் ஒருவரையும் கலந்துகொள்ளட்டும். லெஸ்டரில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை.

தாங்கள் அறியாமல் செலவிட்டதற்குத் தங்கள் மீது குற்றமில்லை, சகோதரி. கடன் மகனுடையது, துணியினுடையதன்று. கடிதத்தின் ஓரத்தில், "உடுத்தலாமா உம்மா என்று அவள் தினமும் கேட்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். உடுத்தட்டும். அண்ணன் அந்த 23 பவுண்டைக் கொடுத்து முடித்த நாளில் அவளிடம் தொலைபேசியில் தாமே சொல்லட்டும்.